தீட்டு நாளில் கேட்ட பூ

வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று என் மனைவி குமுதா சொன்னபோது நாங்கள் ஜன்னலைச் சாத்தினோம். தலை வலிக்கிறது என்றாள். துணியை இறுக்கித் தலையில் கட்டினோம். காதில் பஞ்சு வைத்தோம். பிள்ளை பெற்றவளுக்குக் குளிர் ஏறிவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். நானும் நம்பினேன். அவள் உயிர் எங்கள் கையை விட்டு நழுவிக்கொண்டிருந்தது எங்களுக்குத் தெரியவில்லை.

பிள்ளைகளே, வெள்ளிக்கிழமை வழிபாட்டுக்கு வருகிற உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். பாட்டு முடிந்து சுண்டல் வாங்கும்போது என்னிடம் கேட்பீர்களே, "மாமா, கூப்புட்டா சாமி நெசமாவே வருமா?" என்று. நின்ற நிலையில் அதற்குப் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. நான் எட்டாவது வரை படித்தவன். எழுதினால் நிதானமாகச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். எழுத்தில் தப்பு இருந்தால் உங்கள் டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொள்ளுங்கள்.

நாமக்கல்லுக்கு மேற்கே ஒரு முட்டைக் கோழிப் பண்ணையில் நான் வேலை செய்கிறேன். குடியிருப்பதும் பண்ணைக்குள்ளேயேதான். தீவனம், தண்ணீர், கேட்டுச் சாவி எல்லாம் என் பொறுப்பு. கொரோனா அடங்கிய பிறகு வந்த ஒரு மாசி மாதம் எங்களுக்கு இரண்டாவதாக மகன் பிறந்தான். முகிலன். முதல் வரிசையில் உட்கார்ந்து தூங்கி விழுவானே, அவன்தான். கடைசி மாதத்தில் குமுதாவுக்கு பிரஷர் ஏறியிருந்தது. ஆஸ்பத்திரியில் நல்லபடியாகப் பிரசவம் பார்த்தார்கள். பிரஷருக்கு மாத்திரை கொடுத்து, "புள்ள பொறந்துட்டா எல்லாம் சரியாயிரும்னு இருந்துராதீங்க, பொறந்த பொறவும் இது ஏறும், மாத்திரைய உட்டுராதீங்க" என்று சொல்லித்தான் அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பத்தியம் தொடங்கியது. குமுதாவின் அம்மா பாவாயி அத்தை திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து எங்களோடு தங்கியிருந்தார். மகளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. பூண்டு வதக்கினார், கருவாட்டுக் குழம்பு வைத்தார், மருந்து இடித்து உருண்டை பிடித்தார். ஆனால் மாத்திரை பாலில் இறங்கும், பிள்ளைக்கு ஆகாது என்று வந்துபோன உறம்பரைகளில், சொந்தக்காரர்களில், யாரோ சொன்னார்கள். மாத்திரை நின்றுபோனது. யார் சொன்னது என்று இப்போது கேட்டால் ஒருவருக்கும் ஞாபகம் இல்லை. குமுதாவின் கால் வீங்கியது. முகமும் உப்பியது. "பெத்த ஒடம்பு ஊதத்தான் செய்யும்" என்றார் அத்தை.

தலைவலி நிற்கவில்லை. ஒரு வியாழக்கிழமை காலையில் அவள் கஞ்சியைக் குடித்ததும் வாந்தி எடுத்தாள். நெஞ்சுக்குழியில் வலிக்கிறது என்றாள். என் முகத்தைப் பார்த்து, "ஏனுங்க, நீங்க ரெண்டு ரெண்டாத் தெரியிறீங்க" என்றாள்.

ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன். அத்தை யோசித்தார். "நாளைக்கு வெள்ளிக்கெழம மாப்ள. பக்கத்துக் காட்டுக்காரர அனுப்பி ஆத்தாகிட்டப் பூக் கேட்டுட்டுப் போயிரலாமுங்க. தீட்டுக் கழியாத ஒடம்பு, கண்ட நேரத்துல வாசப்படி தாண்டுனா காத்துக் கருப்பு அண்டிக்கும்" என்றார்.

பூக் கேட்பது உங்களுக்குத் தெரியும். நம் பக்கம் பெண் பார்ப்பது முதல் கிணறு வெட்டுவது வரை அம்மனைக் கேட்காமல் செய்ய மாட்டோம். பூசாரி அம்மன் மேல் பூவை வைப்பார். நாம் கை கூப்பி நிற்போம். வலது பக்கம் விழுந்தால் சம்மதம். அந்தப் பூ விழுகிற வரைக்கும் மூச்சு விடத் தோன்றாது. ஆனால் எங்கள் வீட்டில் பிள்ளை பிறந்த தீட்டு. நாங்களும் பங்காளிகளும் கோயில் படி ஏற முடியாது. வீட்டில் விளக்குக்கூட ஏற்றவில்லை. அங்காளம்மன் படத்துக்கு முன்னால் அத்தை துணியை இழுத்து விட்டிருந்தார். அதனால்தான் பக்கத்துக் காட்டுக்காரரை, அடுத்த நிலத்தில் விவசாயம் செய்கிறவரை, அனுப்பலாம் என்றார். அதற்கு மறுநாள் ஆக வேண்டும்.

நான் கோழி ஷெட்டுக்குப் போனேன். தண்ணீர்க் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தேன். கை வேலை செய்தது. மனம் அவளிடமே இருந்தது. அம்மன் பேரைச் சொல்லிக் கூப்பிடவும் பயம், தீட்டு ஆயிற்றே. ஆனால் வேறு யாரைக் கூப்பிடுவேன்? கோழிகளுக்கு நடுவில் நின்று மெல்லச் சொன்னேன்: "ஆத்தா, தீட்டோட கூப்புடறேன், கோவிச்சுக்காத. எனக்கு ஒண்ணும் வெளங்கல. வெவரந் தெரிஞ்ச ஒரு ஆள அனுப்பு."

அவ்வளவுதான் என் பிரார்த்தனை. பாட்டு இல்லை, தேங்காய் இல்லை.

குழாயைக் கழுவி முடிக்கும் முன்பே கேட்டில் ஹாரன் சத்தம் கேட்டது.

போய்ப் பார்த்தால் கிராமத்து நர்ஸம்மா பானுமதி, ஸ்கூட்டரில். பிரசவம் ஆன வீடுகளுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்ப்பது அவர் வேலை. ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். நம்மைப் போல இழுத்துப் பேச மாட்டார்.

"கேட்டத் திறங்க. குழந்தையப் பாக்கணும், அம்மாவுக்கு பிரஷர் பாக்கணும்" என்றார்.

அங்கேதான் சிக்கல், பிள்ளைகளே. அந்த மாசத்தில் சுற்றுப் பண்ணைகளில் கோழி நோய் வந்திருந்தது. வெளியாள் ஒருவரையும், வெளி வண்டி ஒன்றையும் உள்ளே விடக் கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. ஒரு செருப்பில் ஒட்டி வருகிற எச்சம் போதும், ஷெட்டே காலியாகிவிடும். முதலாளிக்கு போன் போட்டேன். எடுக்கவில்லை.

"உள்ள உட முடியாதுங்க. நோய் இருக்குதுங்க" என்றேன்.

"அப்ப அவங்கள இங்க கூட்டிட்டு வாங்க."

ஓடிப் போய் அத்தையிடம் சொன்னேன். "பச்ச ஒடம்புக்காரி கேட்டு வரைக்கும் வாரதா? தீட்டு முடியாம ஊட்ட உட்டு வெளிய உடமாட்டனுங்க" என்று வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். மறுபடி கேட்டுக்கு ஓடினேன். வீட்டு வாசல் உள்ளே இருப்பவளை வெளியே விடாது. பண்ணை வாசல் வெளியே இருப்பவரை உள்ளே விடாது. நடுவில் நான் சாவியோடு நின்றேன்.

நர்ஸம்மா கேட்டுக் கம்பி வழியாக என்னைப் பார்த்தார். "தலைவலி இருக்கா? கண்ணு மங்குதா?" என்று கேட்டார்.

"ரெண்டு ரெண்டாத் தெரியிதுங்கறாங்க. வாந்தி வேற."

அவர் முகம் மாறியது. ஸ்கூட்டரை வெளியிலேயே நிறுத்தினார். "அந்தத் தொட்டியில என்ன இருக்கு?"

"கால் நனைக்கிற மருந்துத் தண்ணிங்க. நாங்க அதுல மிதிச்சுட்டுத்தான் ஷெட்டுக்குப் போவோம்."

"நானும் மிதிக்கிறேன். செருப்ப வெளியவே உடறேன். கைக்கும் பைக்கும் மருந்து அடிங்க. உங்க ரூலும் நிக்கட்டும், என் வேலையும் நடக்கட்டும். திறங்க."

திறந்தேன். என் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தேன். அது அவருக்கு முழங்கால் வரை வந்தது. மருந்துத் தண்ணியில் மிதித்து, டபக் டபக் என்று அவர் நடந்து வந்ததைப் பார்த்து, அந்த நேரத்திலும் அத்தைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்னம்மணி, நாத்து நடவா வந்தீங்க?" என்றார்.

"உங்க மகளப் பாக்க வந்தேம்மா. கொஞ்சம் வழி விடுங்க" என்றார் நர்ஸம்மா. அத்தை எப்படியோ வழி விட்டுவிட்டார்.

அவர் குமுதாவின் கையில் பட்டையைச் சுற்றி பிரஷர் பார்த்தார். கொஞ்சம் விட்டு மறுபடி பார்த்தார். காலை அழுத்தினார், விரல் பதிந்த குழி அப்படியே நின்றது. மாத்திரையைப் பற்றிக் கேட்டார். அத்தை சொன்னதைக் கேட்டார். திட்டவில்லை. "இந்த மாத்திரை பால் கொடுக்கிற அம்மாவுக்குன்னே பாத்துக் கொடுக்கிறது. புள்ளைக்கு ஒண்ணும் செய்யாது" என்று மட்டும் சொன்னார். சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸுக்கு போன் போட்டுவிட்டார்.

"நாளைக்குப் பூக் கேட்டுட்டு..." என்று அத்தை இழுத்தார்.

"கேளுங்கம்மா. வண்டியில ஏறிட்டுக் கேளுங்க" என்றார் அவர்.

கேட்டுக்கு வெளியே வந்து நின்ற ஆம்புலன்ஸில் கைக்குழந்தையோடு நாங்கள் ஏறினோம், நர்ஸம்மாவும் கூடவே ஏறினார். பாதி வழியில் குமுதாவுக்கு வலிப்பு வந்தது.

அதை நான் விவரிக்க மாட்டேன். நீங்கள் சின்னப் பிள்ளைகள். அவள் கண் மேலே போனது, உடம்பு விறைத்து உதறியது, நான் கத்தினேன், அது போதும். அத்தை என் இடுப்பிலிருந்து பண்ணைச் சாவியைப் பிடுங்கி மகள் கையில் திணிக்கப் போனார். இரும்பு கொடுத்தால் வலிப்பு நிற்கும் என்றுதான் நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நர்ஸம்மா அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டார். "இரும்பு வேண்டாம்மா. வாயிலயும் எதையும் வைக்கக் கூடாது. அழுத்திப் பிடிக்காதீங்க. ஒருக்களிச்சுப் படுக்க வைங்க" என்று குமுதாவை இடது பக்கமாகத் திருப்பினார். தலை இடிக்காமல் தன் உள்ளங்கையை அடியில் வைத்துக்கொண்டார். வலிப்பு நின்றதும் வாயைத் துடைத்துவிட்டார். வழியில் இருந்த சுகாதார நிலையத்தில் வண்டியை நிறுத்தி, டாக்டர் இரண்டு பக்க இடுப்பிலும் ஊசி போட்டார். அங்கிருந்து பெரிய ஆஸ்பத்திரி.

டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இப்போது எதுவும் சொல்ல முடியாது என்றார். பிரஷர் மூளையைத் தொட்டால் கஷ்டம் என்றார். என் மகள் தாரணி அப்போது இரண்டாவது படித்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அம்மா எங்கே என்பாள்.

அந்த வார்டில் ஒரு சிஸ்டர். ஜெசிந்தா என்று பேர். கண்ணாடி போட்டிருப்பார். குமுதாவின் கட்டிலைச் சுற்றித் திரையை இழுத்து வெளிச்சத்தைக் குறைத்தார். கட்டில் கம்பிகளில் கம்பளியைச் சுற்றினார், மறுபடி உதறினால் அடிபடக் கூடாது என்று. அத்தை குமுதாவின் கையில் ரட்சைக் கயிறு கட்டியிருந்தார். பிரஷர் பட்டை சுற்ற அது இடைஞ்சல். சிஸ்டர் கத்தரிக்கோலை எடுக்கவில்லை. முடிச்சைப் பொறுமையாக அவிழ்த்து, கணுக்காலில் கட்டிவிட்டார். அவர் கழுத்தில் சிலுவை தொங்கியது.

"என்ன வேலைங்க உங்களுக்கு?" என்று கேட்டார்.

"கோழிப் பண்ணைங்க."

"அப்ப உங்களுக்குச் சொல்லிப் புரிய வைக்கிறது சுலுவு. கோழி மிரண்டா என்னாகும்?"

"முட்ட கொறஞ்சு போயிருமுங்க. சத்தமே ஆகாதுங்க."

"இங்கயும் அப்புடித்தான். சத்தம் வந்தா, வெளிச்சம் வந்தா, மறுபடி வலிப்பு வரலாம். ஷெட்டுல எப்புடி நடப்பீங்களோ அப்புடி நடங்க. உங்க மாமியாருக்கும் சொல்லிருங்க."

எனக்கு உடனே புரிந்தது. அத்தைக்கும் புரிந்தது. என் கல்யாணத்துக்குப் பிறகு அவர் வாயை மூடி இருந்தது அந்த வார்டில்தான். மூடியதோடு நிற்கவில்லை. அடுத்த கட்டிலுக்கு வந்தவர் செருப்பைத் தேய்த்து நடந்தால் அவரையும் முறைப்பார்.

குமுதாவுக்கு மருந்து ஏறிக்கொண்டிருந்தது. சிஸ்டர் அடிக்கடி வந்து மூன்று காரியம் செய்வார். அவள் நெஞ்சைப் பார்த்து மூச்சை எண்ணுவார். சிறுநீர்ப் பையில் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று குனிந்து பார்ப்பார். பிறகு ஒரு சின்னச் சுத்தியலால் முழங்காலுக்குக் கீழே தட்டுவார். கால் லேசாக எழும்பும்.

"எதுக்குங்க முட்டியத் தட்டறீங்க?" என்று கேட்டேன்.

"வலிப்பு வராம இருக்கத்தான் இந்த மருந்து. ஆனா அளவு மீறுனா மூச்சே நின்னுரும். மீறுதான்னு மொதல்ல கால்தான் சொல்லும். கால் எழும்புனா மருந்து கொடுக்கலாம். எழும்பலைன்னா நிறுத்தோணும்."

"நா என்ன செய்யட்டுங்க?"

"நீங்க உங்க சாமியக் கும்புடுங்க. நா மூச்ச எண்ணிக்கிறேன்" என்றார்.

நான் கும்பிட்டேன். ஒவ்வொரு தடவையும் அவர் சுத்தியலை எடுக்கும்போது என் கை தானாகக் கூப்பிக்கொள்ளும். எனக்கு அது பூக் கேட்பது மாதிரியே இருந்தது. கோயிலுக்குப் போக முடியாத என்னை ஆத்தா இங்கே நிறுத்திக் கேட்கச் சொல்கிறாள் என்று நினைத்தேன். கால் எழும்பும். பூ விழுந்த நிம்மதி வரும். மறுபடி காத்திருப்பேன்.

மறுநாள் மத்தியானம் அவர் தட்டினார். கால் எழும்பவில்லை.

இன்னொரு தடவை தட்டினார். இல்லை. அடுத்த காலில் தட்டினார். அதுவும் கிடந்தது கிடந்தபடி இருந்தது.

சிஸ்டர் பதறவில்லை. மருந்து ஏறுவதை நிறுத்தினார். டாக்டரைக் கூப்பிட ஆள் அனுப்பினார். அளவு மீறினால் அதை முறிக்கக் கட்டில் பக்கத்தில் முதலிலிருந்தே தயாராக வைத்திருந்த மாற்று மருந்தைக் கைக்கு எட்டும் இடத்துக்கு நகர்த்தினார். குமுதாவின் நெஞ்சில் லேசாகக் கை வைத்து மூச்சை எண்ணத் தொடங்கினார். டாக்டர் ஓடிவந்தார். ரத்தம் எடுத்தார்கள். மூச்சு சரியாக இருக்கிறது, காத்திருப்போம் என்றார்.

எனக்குப் பூ விழவில்லை. அதுதான் என் மனதில் ஓடியது. அன்று வெள்ளிக்கிழமை. ஊரில் அந்த நேரம் பூசாரி அபிஷேகம் முடித்திருப்பார். அத்தை என் சட்டையைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதார். நான் பார்த்துக்கொண்டே நின்றேன். சிஸ்டரின் உதடு மூச்சுக் கணக்கில் அசைந்துகொண்டிருந்தது. கண் குமுதாவை விட்டு நகரவில்லை. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஒன்று தோன்றியது. வெவரந் தெரிந்த ஆள் ஒருவரை அனுப்பு என்றுதானே கேட்டேன்? நான் கேட்டது இதோ கண் முன்னால் நிற்கிறது. அதற்கு மேல் கேட்க என்ன இருக்கிறது என்று தோன்றியது. மனம் கொஞ்சம் அடங்கியது. அவள் பிழைப்பாள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். பயம் இருந்தது. ஆனால் பயத்தோடு நான் தனியாக இல்லை.

வெகு நேரம் கழித்து சிஸ்டர் மறுபடி சுத்தியலை எடுத்தார். தட்டினார். குமுதாவின் கால், தூக்கத்தில் யாரோ கூப்பிட்டதற்கு அசைவது போல, மெல்ல எழும்பிக் கீழே விழுந்தது.

"ஆத்தா!" என்று நான் கத்தியே விட்டேன்.

"ஷ்ஷ்! மாப்ள, சத்தம்!" என்று அத்தை என் வாயைப் பொத்தினார். சிஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

பிறகு பிரஷர் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. குமுதா கண் திறந்து என்னைப் பார்த்தாள். இரண்டாகத் தெரியவில்லையாம், ஒரு ஆளாகத்தான் தெரிந்தேனாம். அவள் கேட்ட முதல் கேள்வி என்ன தெரியுமா? "ஏனுங்க, பண்ண கேட்டச் சாத்திட்டு வந்தீங்களா?"

டாக்டர் சரி என்றதும் சிஸ்டர், குழந்தைகள் வார்டில் வைத்திருந்த முகிலனைக் கொண்டுவந்து, குமுதாவைத் தாங்கிப் பிடித்துப் பால் கொடுக்க வைத்தார். "மாத்திரை போட்டுக்கிட்டே கொடுக்கலாம், பயப்படாதீங்க" என்று அத்தையைப் பார்த்துச் சொன்னார். அத்தை, "போடாம உட்ருவனாக்கும்?" என்றார். அதன் பிறகு மாத்திரை நேரம் தவறினால் வீடு இரண்டாகிவிடும்.

தீட்டுக் கழிந்து, குமுதா எழுந்து நடந்து, நாங்கள் எல்லோரும் அங்காளம்மன் கோயிலுக்குப் போனோம். பூசாரி கையில் பூவை எடுத்துக்கொண்டு, "என்ன கேக்கோணும் சாமி?" என்றார்.

"கேக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. சொல்லத்தான் வந்தோம்" என்றேன்.

தாரணி பிறகு ஒருநாள் என்னைக் கேட்டாள்: "அப்பா, அம்மாவக் காப்பாத்துனது சாமியா, நர்ஸம்மாவா?" நான் நிறைய யோசித்தேன். பானுமதி நர்ஸம்மாவிடம், நான் வேண்டிக்கொண்ட உடனே நீங்கள் வந்தீர்கள் என்று சொன்னேன். அவர் சிரித்தார். "அன்னிக்கு உங்க வீட்டு முறை. நான் காலையிலயே கிளம்பிட்டேங்க" என்றார். அதில் என் நம்பிக்கை குறையவில்லை, பிள்ளைகளே. நான் ஷெட்டில் நின்று கேட்டபோது பதில் ஏற்கெனவே ரோட்டில் வந்துகொண்டிருந்தது. நான் கேட்கும் முன்பே ஆத்தா அனுப்பிவிட்டாள். தீட்டையும் பார்க்கவில்லை, நான் எட்டாவது படித்தவன் என்றும் பார்க்கவில்லை. ஆனால் அனுப்பியவரை உள்ளே விடுகிற வேலையை மட்டும் என்னிடம் விட்டுவிட்டாள். நான் கேட்டைத் திறக்காமல் இருந்திருந்தால்? மகளிடம், "ரெண்டு பேருந்தான் கண்ணு" என்றேன். அவளுக்கு அது போதுமாக இருந்தது.

முதலாளியிடம் நடந்ததைச் சொன்னேன். "கோழி போனா குஞ்சு வாங்கிக்கலாம்டா, ஆளு போனா?" என்றார். நான் நர்ஸம்மாவின் கால் அளவுக்கு ஒரு ஜோடி பூட்ஸ் வாங்கி, கேட்டுக்கு உட்புறம் மருந்துத் தொட்டிப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். வெள்ளை நிறம். அதுதான் என் வேண்டுதல் காணிக்கை. சுற்றுப் பண்ணைகளில் யாருக்குப் பிரசவம் ஆனாலும் இப்போது அத்தைதான் முதலில் போய் நிற்கிறார். "தல வலிக்குதா? கண்ணு கூசுதா? மாத்திர போட்டியா?" என்று கேட்டுவிட்டுத்தான் பிள்ளை முகத்தையே பார்ப்பார்.

ஆகவே கண்ணுகளா, கூப்பிட்டால் சாமி வருமா என்று கேட்டீர்களே. வரும். தீட்டு நாளிலும் வரும், கோழி ஷெட்டுக்கும் வரும். உங்கள் வீட்டில் தம்பியோ தங்கையோ பிறந்து, அம்மாவுக்குத் தலை வலிக்கிறது, கண் கூசுகிறது, நெஞ்சுக்குழி வலிக்கிறது என்றால், பெரியவர்கள் குளிர் என்று சொன்னாலும், நீங்கள் நர்ஸம்மாவைக் கூப்பிடச் சொல்லி அழுங்கள். அடம் பிடியுங்கள். உங்கள் சாமியைக் கும்பிடுங்கள், மனதாரக் கும்பிடுங்கள். வாசலில் ஹாரன் சத்தம் கேட்டால், கும்பிட்ட கையாலேயே ஓடிப் போய்க் கேட்டைத் திறந்து விடுங்கள்.